ஆறுமாசக்காரி

அவளுக்கு அப்பாவும் அம்மாவும் யோசித்து வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தக் குடியிருப்பில் அது எடுபடவில்லை. கீழ்வீட்டு டெய்லரம்மா போகிற போக்கில் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது: ஆறுமாசக்காரி. வேலையில்லாத இளவட்டங்களை ஆறு மாதத்துக்கு ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டு, சம்பளத்தையும் அரசாங்கமே கொடுத்து, வேலை கற்றுக்கொள்ளச் சொல்கிற திட்டம் ஒன்று இருக்கிறதே, அதில் மூன்று முறை போனவள் அவள். மூன்று முறையும் ஆறாவது மாதம் முடிந்த மறுநாள் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். பெயர் வைக்க டெய்லரம்மாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, அவள் படியிறங்கும்போதெல்லாம் வயிற்றையே பார்த்தபடி, "பாத்து மெதுவா இறங்கும்மா, ஓடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் அம்மாவுக்கு வந்த கோபத்தில் டெய்லரம்மாவோடு பேச்சே நின்றுபோனது. அவள் மட்டும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன இடங்களில் அவள் சோம்பிக் கிடந்தாளா என்றால், அந்தப் பேச்சே கிடையாது. முதலில் ஒரு காப்பீட்டு அலுவலகம், அடுத்தது ஒரு செருப்புக் கடை, மூன்றாவது ஒரு கூரியர் குடோன். எல்லா இடத்திலும் நல்ல பெயர்தான். நல்ல பெயர் எடுத்தால் வேலை தானாக வரும் என்று சொன்ன புண்ணியவான் யாரோ, அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி நாளன்று ஒரு கேக் வாங்கி வருவார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். "இடம் காலியானா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவோம்" என்பார்கள். இவளும் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பாள்.

கேக்குக்கு முந்தின வாரம் இன்னொரு கூத்து நடக்கும். அடுத்த ஆறு மாதத்துக்கு வந்திருக்கிற புது ஆளைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, "எல்லாத்தையும் இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துடும்மா" என்பார்கள். இவள் விழுந்து விழுந்து சொல்லிக்கொடுப்பாள். குடோனில் வந்து நின்ற ஒரு நெட்டைப் பையனுக்கு, எந்த லாரி முதலில் வரும், எந்த டிரைவர் கத்துவார், கிழிந்த பார்சலை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தாள். இவ்வளவு பொறுப்பாக இருக்கிறாளே என்று வைத்துக்கொள்வார்கள் என ஒரு நப்பாசை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். என்ன, இங்கே காசு அரசாங்கத்துடையது, சூனியம் மட்டும் சொந்தம்.

நான்காவது முறை இடம் கொடுத்தபோது திட்ட அலுவலகத்தில் இருந்தவர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். "அடுத்த பிறந்த நாளோட உனக்கு வயசு வரம்பு முடியுதும்மா. இதுதான் கடைசி. இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை."

வீட்டில் அப்பா முன்னாள் பஸ் டிரைவர். முழங்கால் தேய்ந்து முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. இவளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டால் அம்மா ஒருத்தியின் சம்பளத்தில்தான் மூன்று பேர் வண்டி ஓட வேண்டும். அம்மாவுக்கும் இப்போதெல்லாம் படியேறி வந்தால் மூச்சு வாங்குகிறது. அன்று சாப்பிடும்போது இவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "இந்தத் தடவை நான் திரும்பி வர மாட்டேன்."

"கல்யாணம் கட்டிக்கிட்டுப் போறவ மாதிரி பேசுறியே" என்றார் அப்பா.

"வேலையைத்தான்ப்பா கட்டிக்கப் போறேன்."

"மாப்பிள்ளை ஒத்துக்கணுமே" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை ஒரு சலவை நிலையம். ஆஸ்பத்திரிகளின் துணிகளை மட்டும் வெளுக்கிற இடம். தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் டிரம்கள், நடுவில் ரோலர். ரோலர் என்றால் சூடான பெரிய இரும்பு உருளை. பிழிந்த ஈரத்தோடு வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, ஓரத்தை நேராக வைத்து, ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். பெல்ட் அதை உள்ளே இழுத்துக்கொண்டு போய், காயவைத்து மறுபக்கம் மொறமொறவென்று வெளியே தள்ளும். ஒருத்தர் கண்ணிமைக்கும் நேரம் முந்திக்கொண்டாலும் போச்சு. துணி கோணிக்கொண்டு உள்ளே போகும், சுருக்கம் சூட்டில் இறுகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அது நிமிராது. சுருக்கம் விழுந்த விரிப்பில் நோயாளியைப் படுக்க வைத்தால் முதுகில் புண் வருமென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிலையத்தை நடத்துகிறவளை எல்லோரும் முதலாளியம்மா என்றார்கள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறப்பாள், சாயங்காலம் அவளே பூட்டுவாள். ஆனால் திட்டத்தில் வருகிற பிள்ளைகளை அவள் துண்டு மேசைக்கு மேல் ஏற்றியதில்லை. துண்டு மேசை என்றால், வந்து விழுகிற துண்டுகளை மடித்து அடுக்குவது. அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் எதற்கு, அரை நாள் போதும். துண்டு மடிக்கிறவளை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது இரண்டாவது நாளே இவளுக்கு விளங்கிவிட்டது. வேலை என்று ஒன்று அங்கே இருந்தால் அது ரோலரில்தான் இருந்தது.

ரோலரில் நின்ற இருவரில் ஒருத்தி பெரியக்கா. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இடது முனையில் நிற்கிறவள். வலது முனையில் நின்றவள், வேற்றூரில் இருக்கும் மகனோடு போய்விடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போனால் அந்த இடம் காலி. இவள் துண்டை மடித்துக்கொண்டே கண்ணை ரோலரின் மேலேயே வைத்திருந்தாள். கை எங்கே பிடிக்கிறது, எப்போது விடுகிறது, எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாடம். ஒரு படுக்கை விரிப்பை நனைத்துப் பிழிந்து, ஒரு முனையை அப்பா கையில் கொடுப்பாள். மேசை விளிம்புதான் பெல்ட். "உதறுங்கப்பா. இழுங்க. இப்ப விடுங்க." அப்பா எப்போதும் ஒரு நொடி பிந்துவார். "பஸ்ல ஏறுற ஆளு ஏறட்டும்னு நின்னு பழகினவன்மா, சட்டுனு விட மனசு வரல" என்பார். வீடெல்லாம் ஈரம். அம்மா கையில் துடைப்பத்தோடு நின்று, "உங்க ரெண்டு பேரையும் சேத்து அந்த ரோலர்ல விட்டா நல்லது" என்பாள். ஆனாலும் விரிப்பை நனைக்க வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பதும் அம்மாதான்.

இரண்டாவது மாதம் வலது முனைக்காரி சொன்னபடியே கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் காலை முதலாளியம்மா கூடத்தின் நடுவில் நின்று, "ரோலர்ல நிக்க யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். அந்தச் சூட்டில் நிற்க யாருக்கு ஆசை?

"எனக்குத் தெரியும்மா" என்றாள் இவள்.

தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். போய் வலது முனையில் நின்றாள். முதல் விரிப்பைக் கையில் எடுத்ததுமே கை மக்கர் செய்தது. மூலையைப் பிடிக்க வேண்டிய கை ஓரத்தைத் தேடியது, ஓரத்தை நீவ வேண்டிய கை மூலையைப் பிடித்துக்கொண்டது. விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய் உருளையைச் சுற்றிக்கொண்டது. தீய்ந்த வாடை. பெரியக்கா ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். ரோலர் ஆறி, துணியைப் பிய்த்தெடுத்து, மறுபடி சூடேறுவதற்குள் பாதி நாள் போய்விட்டது. வெளியே ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"தெரியும்னு சொன்ன?" என்றாள் முதலாளியம்மா. அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

துண்டு மேசைக்குத் திரும்பி வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. மேசை ரோலரின் மறுபக்கத்தில், துணி வெளியே வருகிற பக்கத்தில் இருந்தது. இத்தனை நாளும் அவள் அந்த இரண்டு பேரையும் முகத்துக்கு நேரே பார்த்திருக்கிறாள். எதிரில் நின்று பார்த்தால் அவர்களுடைய வலது இவளுக்கு இடது. கண்ணால் பார்த்ததை அப்படியே கைக்கு ஏற்றிக்கொண்டு, வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் இடது முனையில் நின்று பழகியிருக்கிறாள். ராப்பகலாக உழைத்துத் தப்பைத் தப்பில்லாமல் கற்றுக்கொண்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வீட்டில் சொன்னதும் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். "வாழ்நாள் முழுக்கச் சைடு கண்ணாடியைப் பாத்து வண்டி ஓட்டினவன். எனக்காவது தோணியிருக்க வேண்டாமா?" பிறகு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே மேசையின் மறுபக்கத்துக்கு நடந்தார். அந்தப் பக்கம் பீரோ இடித்தது. மூன்று பேரும் சேர்ந்து பீரோவை நகர்த்தினார்கள். அன்று சாயங்காலம் அவள் வலது முனையில் நின்றாள். பழகிய கையை மாற்றுவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான்.

மறுநாள் காலை முதலாளியம்மா கதவைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். "அம்மா, நேத்து தப்பான பக்கத்தைக் கத்துக்கிட்டு வந்தேன். இன்னைக்குச் சரியான பக்கம். ஒரே ஒரு தடவை நிக்க விடுங்க. சிக்கினா நானே துண்டுக்குப் போயிடுறேன்."

முதலாளியம்மாவுக்கும் வேறு ஆள் இல்லை. நிற்க விட்டாள். அன்று ஒரு விரிப்புகூடச் சிக்கவில்லை. வேகம்தான் ஆமை வேகம். "இந்த வேகத்துல போனா நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடுவான்" என்றாள் பெரியக்கா. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். வாரங்கள் போகப் போக இரண்டு பேர் கையும் ஒரு கையானது. அவர்கள் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள், திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள், ஒரு நாள் பெரியக்கா பாதித் தூக்கத்தில்கூட வேலை செய்தாள். விரிப்பு நேராகவே போனது. காலியான அந்த இடத்துக்கு முதலாளியம்மா ஆள் எடுக்கவே இல்லை. எதற்கு எடுப்பாள்? அதுதான் அரசாங்கச் சம்பளத்தில் ஒருத்தி நிற்கிறாளே.

இப்படியே கடைசி வாரம் வந்தது. அதோடு புது ஆளும் வந்தான். கதவைக் குனிந்து தாண்டி உள்ளே வந்த ஆளைப் பார்த்ததும் அவளுக்குக் கையில் இருந்த விரிப்பு நழுவியது. குடோனில் அவள் விழுந்து விழுந்து சொல்லிக்கொடுத்தாளே, அதே நெட்டையன்.

டீ இடைவேளையில் இருவரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள்.

"நீங்க இங்க இருப்பீங்கன்னு நினைக்கவே இல்லைக்கா."

"குடோன் என்னாச்சு?"

"ஆறு மாசம் முடிஞ்சுது. கேக் வாங்கினாங்க."

"என்ன கேக்?"

"அன்னாசி."

"எனக்கும் அன்னாசிதான்டா."

இருவரும் சிரித்தார்கள். டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். பிறகு அவன் சொன்னான். "கடைசி வாரம் ஒரு பொண்ணு வந்துச்சுக்கா. நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கிழிஞ்ச பார்சல் உட்பட. நல்ல பொண்ணு. டக்குனு பிடிச்சுக்கிச்சு."

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குடோனில் யாரும் ஆள் எடுக்காமலேயே வேலை நடந்துகொண்டிருக்கிறது. இவள் அவனுக்கு, அவன் அந்தப் பெண்ணுக்கு, அந்தப் பெண் இன்னொருத்தருக்கு. சொல்லிக்கொடுக்கிற வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கும், வேலை மட்டும் யாருக்கும் வராது. இத்தனை நாளும் தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். குறை எதுவும் இல்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதுதான் குறை. அவளுக்கு வந்தது பயம் இல்லை, கோபம்.

இடைவேளை முடிந்ததும் முதலாளியம்மா வந்தாள். "இந்தப் பையனுக்கு ரோலர் சொல்லிக்கொடுத்துடும்மா. நீ கிளம்புறதுக்குள்ள அவன் கை பழகிடணும்."

"மாட்டேன்ம்மா."

முதலாளியம்மா திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்ன?"

"சொல்லிக்கொடுக்க மாட்டேன்னு சொன்னேன்ம்மா. என் வேலையை நான் செய்றேன், அதுல ஒரு குறை வைக்க மாட்டேன். சொல்லிக்கொடுக்கிறது கம்பெனி ஆளோட வேலை. நான் கம்பெனி ஆள் இல்லை. கத்துக்க வந்தவ."

"கத்துக்கொடுத்த இடத்துக்குக் காட்டுற நன்றியா இது?"

"நன்றி இருக்கும்மா. அதனாலதான் ஒரு துணிகூட திரும்பி வராம பாத்துக்கிறேன்."

"நீ ஒத்துழைக்கலைன்னு திட்ட ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன்."

"சொல்லுங்கம்மா. ரோலர்ல ஒரு இடம் ரொம்ப நாளா காலியா இருக்குன்னும் சேத்துச் சொல்லுங்க."

கூடத்தில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. பெரியக்கா தரையைப் பார்த்தாள். முதலாளியம்மா தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள்.

"எனக்காக ஒரு வார்த்தை பேசுவீங்களாக்கா?" என்று அவள் கேட்டாள். பெரியக்கா அடுத்த விரிப்பை உதறியபடி சொன்னாள்: "ஆறு மாசத்துக்கு ஒருத்தியோட மல்லுக்கட்ட எனக்கும் முடியாதுதான். உன்னை மாதிரி கை எனக்கு அமையாது. அது நிஜம். ஆனா எனக்கு வீட்டுல அடுப்பு எரியணும். என் அடுப்புல தண்ணிய ஊத்திட்டு உனக்குச் சமைக்க என்னால முடியாதும்மா." இவள் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொல்கிறவளோடு என்ன வருத்தம்?

வீட்டில் அப்பாவுக்குத்தான் கை கால் ஓடவில்லை. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? நல்ல பேரோட வந்திருந்தா நாளைக்கு வேற எங்கயாவது கேக்கலாம். சண்டைக்காரின்னு பேர் எடுத்தா யார் சேப்பாங்க?"

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்: "சும்மா இருந்துதான மூணு கேக் தின்னோம்."

அப்பா எழுந்து போய்க் கழுவிய பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாளிலிருந்து ரோலரில் புதுப் பாடம் தொடங்கியது. வலது முனையில் நிற்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். பெரியக்காவுக்கு இடதைத் தவிர வேறு தெரியாது. முதலாளியம்மா பெரியக்காவையே சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். பெரியக்கா வலப்பக்கம் வந்து நின்று, கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கே குழம்புதும்மா" என்று போய்விட்டாள். "சரி, எதிர்ல நின்னு பாத்துக் கத்துக்க" என்று முதலாளியம்மா நெட்டையனைத் துண்டு மேசைக்கு அனுப்பினாள். அங்கே நின்று அவன் இவளுடைய கையையே பார்த்தான். பார்த்துக்கொண்டே காற்றில் கையை ஆட்டிப் பழகினான். எல்லாம் தலைகீழாக.

இவள் அதைப் பார்த்தாள். தான் செய்த அதே தப்பை இன்னொருவன் அச்சு அசலாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "மாத்திப் பிடிடா" என்று இரண்டே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அவனும் வீட்டில் யாரையோ நம்ப வைத்துவிட்டுத்தானே காலையில் கிளம்பி வந்திருப்பான். இவளுக்குக் கண் கலங்கியது. அதற்காகக் கையை நிறுத்தவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் முதலாளியம்மா இவளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அவனை வலது முனையில் நிறுத்தினாள். முதல் விரிப்பு கோணியது. இரண்டாவது விரிப்பு உருளையில் சுற்றியது. பெரியக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். தீய்ந்த வாடையில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவன் முகம் வெளிறிப்போய் நின்றான். இவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு அடி முன்னால் வைத்து, வாயைத் திறந்தும் விட்டாள்.

அவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "சொல்லாதீங்கக்கா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ரோலர் நின்றிருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. "நான் குடோன்ல சொல்லிக்கொடுத்துட்டு வெளிய வந்தவன். நீங்களும் அப்படிப் போகாதீங்க."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்கிறவளை அவள் பார்த்துவிட்டாள். சொல்லிக்கொடுத்தால் வேண்டாம் என்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். வெளியே ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்தது. ஈர விரிப்புகள் தள்ளுவண்டிகளில் கூரையைத் தொடுகிற மாதிரி குவிந்து கிடந்தன.

கடைசி நாள் காலை முதலாளியம்மா அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள். குரல் இதமாக இருந்தது. "இங்க பாரு. உன் வேலையில நான் குறை சொல்லலை. இன்னும் மூணு மாசம் தற்காலிகமா இரு. அப்புறம் பாக்கலாம்."

ஒரு கணம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூன்று மாதம் என்றாலும் சம்பளம் சம்பளம்தான். வேண்டாமென்று எழுந்து போனால் வெளியே அவளுக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை, திட்டமும் கிடையாது, வயதும் கிடையாது. அம்மா மூச்சு வாங்கப் படியேறி வருவது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"தற்காலிகமாத்தான் ரெண்டு வருஷமா இருக்கேன்ம்மா" என்றாள். "இடம் காலியா இருக்கு. வேலை எனக்குத் தெரியும்னு உங்களுக்கும் தெரியும். வேலைன்னா வேலையாக் கொடுங்க. இல்லைன்னா சாயங்காலம் கிளம்புறேன். அதுவரைக்கும் ரோலர்ல நிப்பேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய் வலது முனையில் நின்றாள். குவிந்து கிடந்த அத்தனையும் அவளும் பெரியக்காவும் சேர்ந்து உள்ளே தள்ளினார்கள். முதலாளியம்மா கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இரக்கப்பட்டுப் பார்க்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை அந்த வலது முனையில் யார் நிற்பார் என்பதுதான் கணக்கு. எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே விடைதான் வந்தது.

வேலை முடிகிற நேரத்துக்கு முதலாளியம்மா வந்து நின்றாள். "திங்கட்கிழமையிலிருந்து நீ கம்பெனி ஆள். சம்பளம் பெரியக்கா சேந்தப்ப வாங்கினது. மத்ததெல்லாம் அவளுக்கு உள்ளதுதான் உனக்கும்." கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். முதலாளியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சரி, போ. நீ வராத நாள்ல நிக்க ஒரு ஆள் வேணும், இந்தப் பையனுக்கு இப்பவே கொஞ்சம் சொல்லிக்கொடு."

"திங்கட்கிழமை சொல்லிக்கொடுக்கிறேன்ம்மா."

முதலாளியம்மா அவளை முறைத்தாள். பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவிக்கொத்தை எடுக்கப் போனாள்.

அன்று வீட்டுப் படியை அவள் ஓடி ஏறினாள். மேல் வீட்டு அம்மாள் "மெதுவா" என்று சொன்னது காதிலேயே விழவில்லை. அப்பா அழுதார். அம்மா அழவில்லை, டெய்லரம்மா வீட்டுக் கதவைத் தட்டி, இத்தனை மாதம் கழித்து முதல்முதலாகப் பேசினாள். "இனிமே அவளுக்கு நாங்க வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை அவள் நெட்டையனை எதிரில் நிறுத்தவில்லை. தன் முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து இரண்டு கையையும் நீட்டி அவன் கையைப் பிடித்து வைத்தாள். அவன் உயரத்துக்கு அவள் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. "இந்தக் கை மூலையில. இந்தக் கை ஓரத்தை நீவணும். பெரியக்கா கண்ணைப் பாக்காத, அவங்க தோளைப் பாரு. தோள் இறங்கினா விடு." மத்தியானத்துக்குள் விரிப்பு நேராகப் போகத் தொடங்கியது. பெரியக்கா, "இவன் உதறினா காத்து எனக்கு அடிக்குது" என்றாள். அது அவள் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு.

அவன் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "அக்கா, ஆறு மாசம் கழிச்சு எனக்கு?"

பாக்கலாம் என்கிற வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அவளிடம் எல்லோரும் சொன்ன வார்த்தை. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதை விழுங்கினாள்.

"கடைசி வாரம் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உன் பக்கத்துல நிறுத்துவாங்க. சொல்லிக்கொடுன்னு சொல்லுவாங்க. நீ மாட்டேன்னு சொல்லு."

"நான் சொல்லலைன்னா என்ன? நீங்கதான் கம்பெனி ஆளு. உங்களைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. நானும் மாட்டேன்னு சொல்வேன்."

பெரியக்கா விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "அடி பாவி, இன்னைக்குத்தான்டி உனக்கு வேலையே கிடைச்சிருக்கு."

"தெரியும்க்கா" என்றாள் அவள். "உதறுங்க, பெல்ட் காலியா ஓடுது."